கிழக்கே பிறந்த தலைச்சன்கள்

உன் அம்மா கப்பை வேகவைத்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை முகத்தில் அடித்தது. மரவள்ளிக்கிழங்கு வெந்து குழையும் வாசனை, அதன் மேல் தேங்காயும் காந்தாரி மிளகாயும் நசுக்கிப் போட்ட காரம். சித்திரபுரத்தில் உனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். நீ உயிரோடு இருந்தவரை வரவில்லை. நீ செத்த அன்றும் வரவில்லை. நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா ஆள் மேல் ஆள் அனுப்பியதால்தான் வந்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். தன் ஊரான தொடுபுழைக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டுமாம்.

சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். நீ இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நேரில் வந்து சட்டையைப் பிடித்திருப்பேன்.

அந்த வாசனை எனக்குப் புதிது அல்ல. தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், உங்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாது. எஸ்டேட்காரர்கள் எங்களுக்குக் கட்டிய சுவர்கள் எல்லாமே அப்படித்தான், பாதியில் நின்றுவிடும். உங்கள் வீட்டுக் கப்பை வாசனை எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசனை உங்கள் வீட்டுக்குப் போகும். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள். “என்ன, மலையாளத்தா வீட்டுல இன்னிக்கும் மாட்டுத் தீனியா?” உன் அம்மா விடமாட்டார். “ஒங்க வீட்டு மாட்டுக்கும் வேணும்னா அனுப்பி வைக்கேன். ராத்திரி சாராயம் குடிச்சிட்டு வருதே, அந்த மாடு.” குழாயடி முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் கப்பைக்கு உட்கார்ந்திருப்போம்.

உன் அப்பா எங்கள் ஆள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து என் தாத்தாவோடு ஒரே கூட்டமாக மலை ஏறி வந்த குடும்பம். ரோடு வேலைக்கு வந்த மலையாளத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர் வீட்டில் அவரைத் தள்ளி வைத்தார்கள், அவள் வீட்டில் அவளைத் தள்ளி வைத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு மட்டும் உன் பாட்டி மனம் கேட்காமல் வந்து மகளை மேற்கே தொடுபுழைக்குக் கூட்டிப் போனாராம். பிள்ளையோடு திரும்பி வந்த பிறகு மறுபடி பேச்சு இல்லை. உன் அப்பா சீக்கிரம் செத்தும் போனார். பள்ளிக்கூடத்தில் உன்னை, தமிழனை ஏசும் சொல்லால், “பாண்டி” என்றார்கள். லயத்தில் “மலையாளத்தா மவன்” என்றார்கள். நீ இரண்டுக்கும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். அது தைரியம் என்று நான் நினைத்திருந்தேன். சிரிப்புக்குள் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய் என்று இப்போது படுகிறது.

ஒரு கல்லூரிக்காரர் வந்தது நினைவிருக்கிறதா? எர்ணாகுளம் பக்கத்திலிருந்து வந்தவர், சமூகவியல் படித்துக்கொண்டிருந்தவர். மழைக்கோட்டோடு வாசல் வாசலாக நின்று, “நீங்கள் உங்களைத் தமிழர் என்று உணர்கிறீர்களா, மலையாளி என்று உணர்கிறீர்களா?” என்று கேட்டார். என் அப்பா, “கால் வலிக்குதுன்னு உணருதேன் சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீதான் அவரை உட்காரவைத்தாய்.

“காலையில பல்லு வெளக்கும்போது மலையாளி சார். சாப்பிடும்போது ரெண்டும். அடி வாங்கும்போது மட்டும் பாண்டி.”

அவர் சிரித்துவிட்டு நிறையப் பேசினார். பல மக்கள் சேர்ந்து வாழும் இடத்தில் இரண்டு பண்பாட்டுக்கும் நடுவில் பிறந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றை உண்டாக்குவார்கள், அது குறை அல்ல, எல்லாச் சமூகமும் கடைசியில் அந்தப் பக்கம்தான் போகிறது என்றார். உனக்கு அது பிடித்துவிட்டது. மாதக்கணக்கில் அதையே சொன்னாய். “நாமதான் மாப்ள மூணாவது ஆளு. இன்னும் கொஞ்ச வருசத்துல இந்த மலையில மூணாவது ஆளுதான் இருப்பான். தமிழன் மலையாளின்னு எவனும் கேக்கமாட்டான்.” நான் தூய தமிழன்தான், ஆனாலும் நீ “நாம” என்றாய். நான் அதை நம்பினேன். அந்த “நாம” எனக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று உனக்குத் தெரியாது.

அந்தக் கல்லூரிக்காரர் நல்லவர்தான். ஆனால் ஒன்றை அவர் கேட்கவில்லை. நான் என்னை யாராக உணர்கிறேன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்னை யார் என்று முடிவு செய்கிறான், அதை வைத்து எனக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்கிறான். அடையாளம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அந்த முடிவுதான். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தலைப்பிரசவம் என்றால் எங்கள் லயத்தில் என்ன என்று வெளியாளுக்குச் சொன்னால் நம்பமாட்டான். நாங்கள் மூன்று தலைமுறையாக மலையில் இருக்கிறோம். கீழே எங்களுக்கென்று நிலம் இல்லை, வீடு இல்லை. ஆனால் முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டிலிருந்து வளையல் போட்டு, சோறு கட்டிக் கொண்டுவந்து, ஜீப்பில் கூட்டிக்கொண்டு போடிமெட்டு வழியாக எல்லை தாண்டிக் கிழக்கே இறங்கவேண்டும். அந்த ஜீப் வராத பெண்ணுக்கு லயத்தில் மரியாதை இல்லை. நாதியற்றவள் என்று பெயர். அதனால் தலைச்சன் பிள்ளைகள் எல்லாம் கீழே பிறப்போம். கைக்குழந்தையாக மேலே வந்துவிடுவோம். அடுத்தடுத்த பிள்ளைகள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறக்கும். நான் சங்கரன்கோவில் பக்கம் அம்மாவழிப் பாட்டி வீட்டில் பிறந்ததாக அம்மா சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும். மழையில் ஜீப் வழியில் நின்றது, தாத்தா குடையோடு நடந்து வந்தது, எல்லாம் சொல்லுவாள்.

பிறகு தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தது. நானும் நீயும் தேயிலை காயவைக்கும் டிரையர் பக்கத்தில் தற்காலிகமாக வெந்துகொண்டிருந்த காலம். அப்பாவுக்கு ஓய்வு வயது நெருங்கிவிட்டது. வீட்டில் ஒருவராவது நிரந்தரம் ஆகாவிட்டால் லயத்து அறையைக் காலி செய்யவேண்டும். அப்போதுதான் மேலிடத்திலிருந்து அந்தப் பேச்சு இறங்கியது. இந்த மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் நிரந்தரம். வெளியிலிருந்து வந்தவர்கள் தற்காலிகமாகவே இருக்கட்டும்.

எமர்ஜென்சி நேரம். கூட்டம் போடக்கூடாது, கும்பலாக ஆபீஸுக்குப் போகக்கூடாது. ஒவ்வொருவராக வரச் சொன்னார்கள். எங்கள் சார்பாக ஒரே ஒருவர் உள்ளே உட்காரலாம் என்றார்கள். யார் என்று யோசிக்கவே இல்லை. இரண்டு பாஷையும் தெரிந்தவன், இரண்டு பக்கமும் தெரிந்தவன் நீ. எல்லாரும் உன் பெயரைச் சொன்னோம்.

முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் நின்று நீ பேசினாய். “எவனும் பொய் சொல்லாதீங்க. எங்க பொறந்தன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. தலைப்பிரசவம்னா என்னன்னு நான் தொரைக்கு வெளக்குதேன். தொரைக்கும் ஆத்தா உண்டுல்லா, அவளும் அவ ஆத்தா வீட்டுக்குத்தான போயிருப்பா.” எல்லாரும் சிரித்தோம். என் அம்மா உனக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் உள்ளே போனபோது நீ மேனேஜருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாய். வெள்ளைச் சட்டை. நான் அதற்கு முன் பார்க்காத சட்டை. மேனேஜர் மலையாளத்தில் கேட்டார், நீ தமிழில் கேட்டாய். “எங்க பொறந்தீங்க?” நீ என்னை “நீங்க” என்றது அதுதான் முதல் தடவை. வேலை இடம், மரியாதைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

“சங்கரன்கோவில் பக்கம். எங்க பாட்டி வீட்டுல.” பெருமையாகவே சொன்னேன். அம்மாவைப் போலவே என் கழுத்தும் நிமிர்ந்திருக்கும்.

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நீ விளக்கப்போகிறாய் என்று காத்திருந்தேன். மேனேஜர் பக்கம் திரும்பி நீ சொன்னது எனக்குப் புரியாத மலையாளம் இல்லை.

“இவர் இவிடத்துகாரல்ல சார். வரும், போகும்.”

இவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. வருவார்கள், போவார்கள். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எங்கள் லயத்துத் தலைச்சன்கள் அத்தனை பேரும் அதே கதவால் உள்ளே போய், அதே பதிலைச் சொல்லி, அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். கடைசியில் மேனேஜர் உன்னைக் கேட்டாராம். ஆபீஸ் பையன் வந்து சொன்னான். “ஞான் இவிடத்துகாரனாணு சார். எண்டெ அம்ம தொடுபுழக்காரி.” நீயும் தலைச்சன். உன் அம்மாவும் தன் அம்மா வீட்டுக்குத்தான் போனார். மழைக்காலம் முடிவதற்குள் உனக்கு ஆபீஸில் வேலை வந்தது. சித்திரபுரத்தில் குவார்ட்டர்ஸ் வந்தது.

என் தம்பி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அவனுக்கு நிரந்தரம் கிடைத்தது. அறை தப்பித்தது. ஒரே தாய், ஒரே சுவர், ஒரே சட்டியில் சோறு. அவன் இந்த நாட்டுக்காரன், நான் வரும் போகும். அவன் வாசலில் நின்று அழுதான். “அண்ணே, நான் வேணும்னா எழுதிக் குடுத்துருதேன், ஒனக்கே குடுக்கச் சொல்லி.” பைத்தியக்காரன். அம்மா அழவில்லை. அடுப்பைப் பார்த்தபடி, “நான் எங்கம்மா வீட்டுக்குப் போனது தப்பாலே?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்கு எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

உன்னைக் கடைசியாக நேருக்கு நேர் பார்த்தது பள்ளிவாசல் இறக்கத்தில். மறித்து நின்றேன். நீ பயப்படவில்லை.

“நீயும் தலைச்சன்தாம்லே?”

“ஆமா.”

“அப்ப என்னடா வித்தியாசம்?”

“ஒங்கம்மா கெழக்க எறங்குனா. எங்கம்மா மேக்க எறங்குனா. அதுக்கு நான் என்ன மாப்ள செய்ய?”

“மூணாவது ஆளுன்னியே.”

நீ சிரித்தாய், பள்ளிக்கூடத்துச் சிரிப்பு. “அந்த ஆளுக்கு எவன்ல வேலை தாரான்? ஒனக்குப் போக ஒரு வீடு இருக்கு, தமிழன்னு. நான் ரெண்டு வாசல்லயும் நின்னு பாத்துட்டேன். ரெண்டு பேரும் அடுத்த வீட்டத்தான் கை காட்டுதானுவ. ஒண்ணுக்குள்ள நொழையணும்னா இன்னொண்ண நானே சாத்தணும்.”

உன் வலி எனக்குப் புரிந்தது, அதுதான் சனியன். இன்றைக்கும் புரிகிறது. உன்னைப் பாண்டி என்றும் மலையாளத்தா மவன் என்றும் கூப்பிட்டவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. உன்னை அப்படி நிறுத்திவைத்தது நீ இல்லை. ஆனால் நீ கதவைச் சாத்தினபோது நிலைச்சட்டத்தில் எங்கள் விரல்கள் இருந்தன. அது உனக்குத் தெரியும். நாங்கள்தானே உன்னைக் கதவுப் பக்கத்தில் நிறுத்தினோம்.

நீ மஞ்சள் காமாலையில் போனதாகத் தம்பி வந்து சொன்னான். கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் மத்தியானம் வரை கிடந்தாயாம். தொடுபுழைக்காரர்கள், அப்பன் வழி ஆட்கள்தான் வைக்கவேண்டும் என்றார்கள். உன் சித்தப்பாக்கள், “நான் ஒங்க ஆளு இல்லன்னு அவனே தொரைட்டச் சொன்னாம்லா” என்று லயத்திலேயே இருந்துவிட்டார்கள். கடைசியில் உன் மாமா மகன் ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தானாம். வேலை கொடுத்த மலையாளம் உனக்குக் கொள்ளி கொடுக்க யோசித்திருக்கிறது. லயத்திலிருந்து போன ஒரே ஆள் என் அம்மா. ஏன் போனாய் என்று சண்டை போட்டேன். “அவ எனக்குச் செஞ்சது ஒனக்குத் தெரியாது” என்றாள். கப்பைதானே கொடுத்தாள் என்று கத்தினேன். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அன்று அத்தை கப்பையைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

“மோனே, நின்னெ இந்தக் கையிலதான் வாங்குனேன்.”

எனக்குப் புரியவில்லை.

“நீ கீழ பொறக்கல. அந்த லயத்துலதான் பொறந்த. ஒங்க அறையில. ஒங்க பாட்டி வீட்டுல அப்ப சோத்துக்கே இல்ல, ஜீப் எங்க வரும்? உங்கம்ம நாள் எண்ணி எண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தா. ஆளு வரல. ராத்திரி நல்ல மழை, வேற ஆர்க்கும் சத்தம் கேக்கல. ஞான்தான் சுவருக்கு மேல சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பிள்ளைய வாங்கினதும் அவ என் கையப் பிடிச்சு சத்தியம் கேட்டா, ஆர்க்கும் சொல்லக்கூடாதுன்னு. விடியுறதுக்கு முன்ன, ஆரும் முழிக்காத நேரத்துல கைக்குழந்தையோட எறங்கி, கொஞ்ச நாள் கீழ இருந்துட்டு, அங்க பெத்ததாச் சொல்லிக்கிட்டு வந்தா.”

ஜீப், மழை, தாத்தாவின் குடை. அம்மா கட்டின கதை முழுக்க என் காதில் ஓடியது.

நான் ஒன்றுதான் கேட்டேன். “அவனுக்குத் தெரியுமா அத்தை?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சின்னப் பிள்ளையா இருக்கும்போதே சொல்லியிருக்கேன். நீ லயத்துலதான் பொறந்த, நீங்க ரெண்டு பேரும் ஒரே கையில வளர்ந்ததுன்னு. அவன் என்கிட்ட, சத்தியத்தை முறிக்கக்கூடாதுன்னுதான் பேசலன்னு சொன்னான்.”

அந்தப் பார்வைக்கு இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பெருமையாகச் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்தாய். என் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அழகான சாக்கு. சத்தியத்தைக் காப்பாற்றுவதற்கு வாயை மூடிக்கொண்டால் போதும். “வரும், போகும்” என்று சொல்லவேண்டியதில்லை. இந்த மலையில் என்னைவிட மலைக்காரன் அந்த அறையில் யாரும் இல்லை. மேனேஜர் பாலக்காட்டுக்காரர், நீ தொடுபுழையில் பிறந்தவன். அங்கே இருந்த மூன்று பேரில் இங்கேயே பிறந்தவன் நான் ஒருவன். அதைத் தெரிந்த ஒரே ஆள் நீ.

“ஞான் வந்து ஆபீஸில் பறயாம் மோனே, உள்ளதச் சொல்லுதேன்,” என்றார் அத்தை. “எனிக்கு இனி என்ன பயம்? சத்தியத்தை முறிச்ச பாவம் என்னோட போகட்டும். நின்னெ நிரந்தரம் ஆக்காம நான் தொடுபுழைக்குப் போகல.” வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே, “என்ன சொன்னா?” என்று கேட்டாள்.

“ஊருக்குப் போறாங்களாம்.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“இல்ல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்காமலேயே இன்னொரு அகப்பைச் சோறு வைத்தாள்.

எமர்ஜென்சி முடிந்துவிட்டது. புது மேனேஜர் வந்திருக்கிறார். விட்டுப்போனவர்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்களாம். அத்தை வந்து சொன்னால் எனக்கு வேலை நிச்சயம். குழாயடியில் என் அம்மா தலையைக் குனிந்து நிற்பாள், அது ஒன்று. இன்னொன்று, மற்றத் தலைச்சன்கள். அவர்கள் நிஜமாகவே கீழே பிறந்தவர்கள். அவர்களை வாங்கிய கை எதுவும் இந்தப் பக்கம் இல்லை. நான் மட்டும் உள்ளே போய்விட்டு, அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால், நான் நீ போன வழியில்தான் போகிறேன். எவன் எங்கே பிறந்தான் என்று கேட்கும் அந்தக் கேள்வி சரிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கேள்வியே அயோக்கியத்தனம்.

ஆகவே சங்கரன்கோவில் என்றேதான் சொல்லப்போகிறேன். இந்தத் தடவை பொய் என்று தெரிந்து சொல்வேன். சொல்லிவிட்டு வெளியே வரமாட்டேன். தலைப்பிரசவம் என்றால் என்ன, எங்கள் பிள்ளைகள் எந்த வயதில் மலைக்கு வருகிறார்கள், எத்தனை தலைமுறை இந்தக் கொழுந்தை எடுத்தார்கள், எல்லாருக்கும் சேர்த்து நானே பேசுவேன். எங்கள் சார்பாக உட்கார ஆள் வேண்டாம் என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். சிலருக்குப் பயம். “நீ என்னத்தடா மலையாளம் பேசுவ?” என்கிறார்கள். என் மலையாளம் கடைத்தெரு மலையாளம். தினமும் வேலை முடிந்து வந்து தம்பியை மேனேஜராக எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிறேன். அவன் திருத்துகிறான், நடுவில் சிரிக்கிறான், பிறகு சிரிப்பை அடக்கிக்கொள்கிறான்.

உன்னிடமிருந்து எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது இதுதான். என் பேச்சை இனிமேல் எவனிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். யாராவது தோளில் கை போட்டு “நாம” என்றால், என் தோள் தானாகவே கொஞ்சம் விலகுகிறது. இது பலமா ஊனமா என்று எனக்குத் தெரியவில்லை. நண்பன் இருந்த இடத்தில் இப்போது இதுதான் இருக்கிறது.